கண்ணாடி வீட்டில் செத்த எலிகள்

கதவு திறந்ததும் குபீரென்று வந்த நாற்றத்தில் நவமணி மூன்றடி பின்னால் போனான். மூக்கைப் பொத்துவதா வயிற்றைப் பிடிப்பதா என்று முடிவெடுப்பதற்குள் காரியம் கைமீறிவிட்டது. குனிந்து, காலையில் ஈப்போ ரயிலடியில் தின்ற நாலு இட்லியையும் துரையின் செம்பருத்திச் செடிக்கு உரமாக்கினான்.

“முடிஞ்சதா?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள் ஹில்டா மிஸ்ஸி.

“இட்லி முடிஞ்சது மிஸ்ஸி. சட்னி இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கு.”

பின்னால் நின்ற தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் மத்தியாஸ் தன் வெள்ளைக் கோட்டுப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினார். ஓடிகொலோன் சென்ட் மணத்தது. “மூக்குல வச்சுக்குங்க தம்பி. ரெண்டு நாளா பூட்டிக் கிடந்த இடம்.”

நவமணிக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துப்போனது.

அது 1927-ஆம் வருஷம். மலாயாவில், ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டைத் தாண்டி, சுண்ணாம்பு மலையின் அடியில் இருந்தது கல்மலை ரப்பர் தோட்டம். அதன் மானேஜர் வில்மாட் துரைக்குப் பாம்பு, பல்லி, உடும்பு என்றால் உயிர். பங்களாவை ஒட்டிக் கண்ணாடியாலேயே ஓர் அறை கட்டி, சுவரோரமாகக் கூண்டு கூண்டாக அடுக்கி, ஊர்வனவற்றையெல்லாம் அதில் வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த அறைக்குள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சவரிநாதன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துக் கிடந்தார். கணுக்காலில் இரண்டு புள்ளி. நல்லபாம்புப் பெட்டி திறந்து கிடந்தது; பாம்பைப் பிறகு பிடித்து அடைத்தார்கள். துரை சில நாளாகப் பினாங்கில் இருந்த சமயம் அது; நேற்றுத்தான் திரும்பினார்.

பாம்புகளைப் பார்த்துக்கொள்ளும் சின்னையா வெள்ளிக்கிழமை கிராணியோடு சண்டை போட்டதைக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். போலீஸ் அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பாம்பை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டான் என்பது வழக்கு. நாளைக் காலை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவார்கள். அப்புறம் கழுத்துக்குக் கயிறுதான்.

நேற்று சின்னையாவின் பெண்சாதி கருப்பம்மாள் ஈப்போவுக்கு நடந்தே வந்து, ஹில்டாவின் கதவைத் தட்டினாள். ஹில்டா பதினாறு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் உத்தியோகம் பார்த்தவள். அதை விட்டு ஐந்து வருஷமாக, போலீஸ் மூடிய கேஸ்களைத் திறந்து பார்ப்பது அவள் தொழில். நவமணி அவளுடைய கார் ஓட்டி, மலாய்க்கும் சீனத்துக்கும் மொழிபெயர்ப்பாளன், வாய்த்துடுக்கு எல்லாம்.

“நீங்க உள்ளே வரலையா டிரஸர்?” என்றாள் ஹில்டா.

“மன்னிச்சிடுங்க மிஸ்ஸி. இந்த ஜந்துக்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் வெளியே நிக்கறேன்.”

“நானும் அவருக்குத் துணையா...” என்று ஆரம்பித்தான் நவமணி.

“நீ உள்ளே வா.”

உள்ளே கால் வைத்ததும் பாசி சதக்கென்று அமுங்கியது. கண்ணாடியெல்லாம் வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. சுவரில் தொங்கிய ஈரச் சாக்குகளில் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சை பிடித்திருந்தது. ஒரு கூண்டில் தாழைமரம் பருமனுக்கு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது. அதன் எதிரிலேயே அது கக்கிப்போட்ட எலி, பாதி செரித்து, மயிரெல்லாம் கழன்று, கொழகொழவென்று கிடந்தது. அதில் புழு நெளிந்தது.

“நம்ம சாதிதான் போலிருக்கு. இதுவும் கக்கியிருக்கு,” என்றான் நவமணி, கைக்குட்டைக்குள்ளிருந்து.

“ஏன் கக்குச்சு?”

“என்னைக் கேட்டா? அதைக் கேளுங்க.”

கதவுக்குப் பக்கத்தில் துரையின் கையெழுத்தில் இங்கிலீஷ் அட்டை ஒன்று தொங்கியது. ஹில்டா அதைத் தமிழில் வாசித்தாள். பாசியிலும் சாக்கிலும் ஒரு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. கூரையோரத்துக் காற்றுத் துவாரம் ஆறும் எப்போதும் திறந்திருக்க வேண்டும். காலை வெயில் உள்ளே விழ, பத்து மணி வரை கீற்றுத் தட்டியை விலக்கி வைக்க வேண்டும். துரை இல்லாத இரவுகளில் விளக்கு விடியும் வரை எரிய வேண்டும். அதைக் கிராணி வந்து பார்க்க வேண்டும்.

“இந்த உடும்புக்கு இருக்கற வசதி எனக்கு இல்ல மிஸ்ஸி. என் ரூமுக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் சீனன் கடைக் கக்கூசைப் பார்த்து.”

ஹில்டா காதில் வாங்கவில்லை. ஆணியில் தொங்கிய மண்ணெண்ணெய் விளக்கை எடுத்துக் குலுக்கினாள். சளக் சளக்கென்றது.

“எண்ணெய் எவ்வளவு இருக்கு?”

“முக்கால்வாசி.”

“திரி?”

“நல்லாத்தான் இருக்கு. புதுசு.”

“சனிக்கிழமை சாயங்காலம் ஏத்தினது. ஞாயித்துக்கிழமை காலையில சின்னையா வந்து பார்க்கறப்ப அணைஞ்சு கிடந்ததா போலீசே எழுதியிருக்கு. எண்ணெய் இருக்கு, திரி இருக்கு. கண்ணாடி அறை, காத்து அடிக்காது. அப்ப யார் அணைச்சது?”

“பாம்பு ஊதிடுச்சோ என்னமோ.”

“மேலே பாரு.”

நவமணி பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம். பாம்புகளுக்கு இரையாக வைத்திருந்த சுண்டெலிகள் உத்தரத்திலிருந்து ஒரு கம்பிக் கூண்டில் தொங்கின. பன்னிரண்டோ பதினைந்தோ. எல்லாமே செத்து, வயிறு ஊதி, கால் விறைத்துக் கிடந்தன. கூண்டின் அடியிலிருந்து ஏதோ ஒரு நீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரமாக அது தன் தோளில் விழுவதை அப்போதுதான் அவன் கண்டான்.

சட்னியும் போய்விட்டது.

அவன் திரும்பி வந்தபோது ஹில்டா முழங்கால் போட்டு உட்கார்ந்து தரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். கையில் மூன்று செத்த பல்லிகள். சுவரில் சும்மா திரியும் வீட்டுப் பல்லிகள்தான்.

“நல்லபாம்பு கிராணியைக் கடிச்சது, சரி. அந்தரத்துல தொங்கற கூண்டுக்குள்ள இருக்கற எலியை எது கடிச்சது? இந்தப் பல்லியை எது கடிச்சது?”

நவமணி அண்ணாந்து கூண்டைப் பார்த்தான், பிறகு அவள் கையிலிருந்த பல்லிகளைப் பார்த்தான்.

“இங்கே கைய வச்சுப் பாரு.”

அறை முழுக்கப் பாசி சொதசொதவென்று பூஞ்சை பிடித்துக் கிடக்க, நாற்காலிக்குப் பக்கத்தில் மட்டும் வட்டமாக ஓர் இடம் காய்ந்து கருகியிருந்தது. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. ஒரு சட்டியின் அடி அளவு இருந்தது வட்டம்.

“பானை வச்ச தடம் மாதிரி இருக்கு.”

“சூடான பானை.” ஹில்டா எழுந்து நாற்காலியின்மேல் ஏறினாள். கூரையோரத் துவாரங்களில் கம்பி வலை அடித்திருந்தது. கொண்டை ஊசியால் வலையைச் சுரண்டி எதையோ எடுத்து, உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள். அடுத்த துவாரத்திலும் அப்படியே. ஆறிலும் பார்த்துவிட்டு இறங்கினாள். முகம் கல்லாக இருந்தது.

வெளியே மத்தியாஸ் நிழலில் நின்று சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். “ஏதாச்சும் கிடைச்சுதா மிஸ்ஸி?”

“எலிதான் கிடைச்சது டிரஸர். கிராணி உடம்பை நீங்கதானே பார்த்தீங்க?”

“நான்தான் பார்த்தேன். பாம்புக்கடின்னு எழுதிக் குடுத்தேன். வெக்கையில உடம்பு தாங்காதுன்னு அன்னிக்கே கோயில்ல பூசை வச்சு அடக்கம் பண்ணிட்டோம். பாவம், ஒரு வாரமாவே காய்ச்சல் அவருக்கு. நான்தான் மருந்து குடுத்துக்கிட்டு இருந்தேன்.”

“நல்ல மனசு உங்களுக்கு,” என்றாள் ஹில்டா.

கார் லயத்தை நோக்கிப் போனபோது அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வெள்ளையாக நாலைந்து இழை இருந்தது.

“குருவி கூடு கட்டியிருக்கு,” என்றான் நவமணி.

“ஆஸ்பத்திரிப் பஞ்சு.”

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பினான். “மிஸ்ஸி, நல்ல மனுசன் மிஸ்ஸி அவரு. கைக்குட்டையெல்லாம் குடுத்தாரு லா.”

“ரோட்டைப் பாரு.”

லயத்தில் ஏழாவது அறை சின்னையாவுடையது. வாசலில் கருப்பம்மாள் ஈரத் தலையோடு நின்றாள். உள்ளே சாமி படத்துக்குக் கீழே ஒரு குழந்தையின் பாவாடை மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு மருந்துப் புட்டி.

“வெள்ளிக்கிழமை எதுக்கு அந்தச் சண்டை?” என்று கேட்டாள் ஹில்டா. “போலீசுக்கு நீ சொல்லல. எனக்குச் சொல்லணும்.”

கருப்பம்மாள் பாவாடையைப் பார்த்தாள். “போன மாசம் எம்புள்ள பாப்பா காய்ச்சல்ல போயிட்டா மிஸ்ஸி. நாலு வயசு. அந்தப் புட்டிதான் அவளுக்குக் கடைசியா குடுத்த மருந்து. வெள்ளிக்கெழம கிராணி வந்து அந்தப் புட்டி வேணும்னாரு. இவுக குடுக்க மாட்டேன்னாக. எம்புள்ள வாய் வச்ச சாமான், அத எதுக்குக் கேக்கறீங்கன்னு கத்துனாக. அதான் சண்ட.”

“கிராணி என்ன செஞ்சார்?”

“ஒரு சொட்டு நக்கிப் பாத்தாரு. அப்புறம் அங்கனயே உக்காந்து அழுதாரு. தொர வரட்டும், தொர வரட்டும்னாரு. போயிட்டாரு.”

ஹில்டா புட்டியை எடுத்தாள். லேபிளில் குயினின் என்று அழகாக எழுதியிருந்தது. “கருப்பம்மா, ஒரு கரண்டி எடுத்துக்கட்டுமா?”

அவள் தலையசைத்தாள்.

“நவமணி, நாக்கை நீட்டு.”

“ஐயோ வேணாம் மிஸ்ஸி. கொயினா கசப்பு எனக்கு ஆகாது. சின்ன வயசுல எங்கம்மா நாலு பேரை வச்சுப் பிடிச்சுத்தான்...”

“நீட்டு.”

கண்ணை இறுக மூடி, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு நீட்டினான். விழுங்கினான். முகம் கோணியபடியே நின்றது. பிறகு மெதுவாக நேரானது. கண்ணைத் திறந்தான்.

“இனிக்குது மிஸ்ஸி.”

ஹில்டா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“மாவும் சர்க்கரையும்,” என்றான் நவமணி. நாக்கில் ஒட்டியிருந்த இனிப்பைத் துப்ப வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்தக் குழந்தையின் பாவாடைக்கு எதிரே துப்ப முடியவில்லை. வெளியே ஓடினான். இந்த முறை கக்குவதற்கு வயிற்றில் ஒன்றுமில்லை. பைக்குள் கை விட்டபோது ஓடிகொலோன் கைக்குட்டை தட்டுப்பட்டது. எடுத்துச் சாக்கடையில் எறிந்தான்.

ஹில்டா பின்னாலேயே வந்தாள்.

“வா, போலாம். துரையும் இன்ஸ்பெக்டரும் வேணும். அப்புறம் ஒரு கணப்புச் சட்டி, நிறையக் கரி, நாலு கோணிச் சாக்கு.”

“எதுக்கு?”

“நீ சாகப்போற.”

மத்தியானம் மூன்று மணிக்குத் துரையும் மலாய் இன்ஸ்பெக்டரும் பங்களாவின் பின்கட்டில் காத்திருந்தார்கள். நல்லபாம்பைத் துரை பெட்டியோடு பங்களாவுக்குள் கொண்டுபோய்விட்டார். கருகிய வட்டத்தின்மேல் கணப்புச் சட்டி வைத்தார்கள். கரி அப்போதுதான் கனியத் தொடங்கியிருந்தது. நவமணி நாற்காலிக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தான். எலிக்கூண்டு நேராக அவன் நெற்றிக்கு மேலே.

“கொஞ்சம் தள்ளிப் படுக்கறேனே மிஸ்ஸி. மூஞ்சியில சொட்டுது.”

“செத்தவன் தள்ளிப் படுக்க மாட்டான். கரி முழுசா பத்தறதுக்குள்ள ஆள் வந்திடும். தலை சுத்தினா எந்திரிச்சு ஓடி வந்திடு.”

அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். நவமணி படுத்துக் கிடந்தான். ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்தது. ஒரு புழு காதோரம் ஏதோ விசாரித்தது. மாதாவே, இவ்வளவு அசிங்கமாகவா ஒருவனைச் சாக வைப்பாய் என்று மனசுக்குள் கேட்டான். உடனே, இதே இடத்தில் காய்ச்சல் நடுக்கத்தோடு உட்கார்ந்து, கணப்பு வைத்துக் கொடுத்தவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டே தூங்கிப்போன கிராணியை நினைத்தான். அதன் பிறகு அவன் அசையவில்லை.

வெளியே ஹில்டாவின் கூச்சல் கேட்டது. “டிரஸர்! ஓடி வாங்க! நவமணி உள்ளே விழுந்து கிடக்கான்! நல்லபாம்பு மறுபடியும் பெட்டியை விட்டு வெளியே வந்திடுச்சு!”

மத்தியாஸ் பையோடு ஓடி வந்தார். ஹில்டா கதவைத் தள்ளித் திறந்தாள். “பார்த்து! கீழே எங்கேயோதான் இருக்கு!”

பாம்பு இருக்கிறது என்று சொன்னால் எவனும் காலடியைப் பார்ப்பான். மத்தியாஸ் பார்க்கவில்லை. கணப்புச் சட்டியைப் பார்த்தார். உடனே தலையை நிமிர்த்திக் கூரையோரத்தைப் பார்த்தார். துவாரம் ஆறும் இருண்டு கிடந்தன. கோட்டுக் கையால் மூக்கை அழுத்திப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் தாவினார்.

“உள்ளே போகாதீங்க மிஸ்ஸி! முதல்ல அந்தப் பஞ்சை எடுங்க!”

“எந்தப் பஞ்சை?” என்றாள் ஹில்டா.

மத்தியாஸ் கோட்டுக் கையை மூக்கிலிருந்து இறக்கினார்.

“நான் அடைச்சது கோணி, டிரஸர். இங்கே பஞ்சு இருந்தது எனக்குத் தெரியும், வலையில சிக்கின இழை எங்கிட்ட இருக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பின்கட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். துரை வந்தார். உள்ளேயிருந்து செத்தவன் எழுந்து வந்து, கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, “எலித் தண்ணி ரொம்ப நல்லா இருக்கு, யாருக்கும் வேணுமா?” என்றான். ஆனால் அவன் சிரிக்கவில்லை.

ஹில்டா நிதானமாகச் சொன்னாள். “துரை இல்லாத நாளாப் பார்த்து, காய்ச்சல்ல நடுங்கற மனுசனுக்குத் தூக்க மருந்து குடுத்து, இந்தச் சூடு உடம்புக்கு நல்லதுன்னு உட்கார வச்சு, கணப்பு மூட்டினீங்க. துவாரம் ஆறையும் பஞ்சால அடைச்சிட்டுக் கதவைச் சாத்தினீங்க. கரிப்புகை நச்சுல கிராணி போனார். எலி போச்சு, பல்லி போச்சு, காத்தில்லாம விளக்கும் அணைஞ்சுது. பெரிய பாம்புக்கு மூச்சு மெதுவா ஓடும், அது வெறும் கக்கலோட பிழைச்சிடுச்சு. அப்புறம் வந்து சட்டியையும் பஞ்சையும் எடுத்தீங்க. ஊசியால கணுக்கால்ல ரெண்டு குத்து. நல்லபாம்புப் பெட்டியைத் திறந்து விட்டீங்க. பாம்புக்கடின்னு நீங்களே எழுதினீங்க.”

“எதுக்கு?” என்றார் வில்மாட் துரை. அவர் பேசிய தமிழ் தோட்டத்துத் தமிழ். “எதுக்கு மத்தியாஸ்?”

ஹில்டா புட்டியைத் துரையிடம் நீட்டினாள். “இதுக்கு. நிஜ மருந்து டவுனுக்கு விலைக்குப் போச்சு. லயத்துக்கு மாவுத் தண்ணி வந்தது. கிராணி நக்கிப் பார்த்துட்டார். டவுன் கடைக்காரன் ஏமாத்திட்டான்னு நினைச்சு இவர்கிட்டயே சொல்லியிருப்பார், உங்ககிட்டயும் சொல்லக் காத்துக்கிட்டு இருந்தார்.”

மத்தியாஸ் மறுக்கவில்லை. கோட்டைச் சரிசெய்துகொண்டு, தன்னைப் போன்ற படித்தவளிடம் பேசும் தோரணையில் ஹில்டாவைப் பார்த்துச் சொன்னார். “உங்களுக்குத் தெரியாததா மிஸ்ஸி? இதுங்க மருந்து குடிச்சாலும் சாவுது, குடிக்காட்டியும் சாவுது. மழைக்கு நூறு பேர், வெயிலுக்கு நூறு பேர். கப்பல்ல புதுசா வந்துக்கிட்டே இருக்கு. மாவு குடுத்தா என்ன, கொயினா குடுத்தா என்ன?”

அவ்வளவு நேரமும் அந்தக் கண்ணாடி அறையை விட நாற்றமான இடம் உலகத்திலேயே இல்லை என்று நவமணி நினைத்திருந்தான். இப்போது அந்த அறைக்குள்ளேயே திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளலாம்போல் இருந்தது. மத்தியாசின் சுத்தமான வெள்ளைக் கோட்டின் பக்கத்தில் நிற்க அவனுக்குக் கூசியது. ஹில்டா தன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

மறுநாள் பகல் பத்து மணிக்குச் சின்னையா வீடு திரும்பினான். லாக்கப்பில் அடிபட்டு ஒரு கண் வீங்கியிருந்தது. லயத்து வாசலிலேயே வில்மாட் துரை அவனுக்காகக் காத்திருந்தார்.

“சின்னையா, நல்லது. நீ வந்தது ரொம்ப நல்லது,” என்றார். சொல்ல வேண்டியது வேறு ஏதோ இருந்தது. அது அவருக்கு வரவில்லை. “பெரிய பாம்பு சாப்பிட மாட்டேங்குது. பாசி எல்லாம் கெட்டுப்போச்சு. நீ வந்து தண்ணி தெளிக்கணும். காத்து, வெளிச்சம் எல்லாம் நீ பார்த்தாத்தான் சரி.”

சின்னையா வீங்கிய கண்ணைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

“ரெண்டு வருசம் மூணு வேளையும் தெளிச்சேன் தொர. முள்ளு செவப்புக் கோட்டுக்குக் கீழ எறங்கினா என்னைய எட்டி ஒதைப்பீங்க. தெனமும் வந்து நீங்களே அந்த முள்ளப் பாப்பீங்க. ஆசுபத்திரி ரூமுக்குள்ள ஒரு நாளு வந்து எட்டிப் பாத்தீங்களா?”

துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நான் வரல. வேற ஆளப் பாத்துக்குங்க.”

சுற்றிலும் லயத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். துரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவரும் முன்னால் வரவில்லை. அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு தனியாகப் பங்களாவுக்கு நடந்து போனார்.

சுங்காய் என்ற ஊரில் சின்னையாவுக்கு மைத்துனன் ஒருவன் இருந்தான். நவமணி அவர்களுடைய தகரப் பெட்டியைக் காரின் பின்னால் கட்டினான். சின்னையா முன்னால் ஏறினான். கருப்பம்மாள் பின்னால் ஹில்டாவின் பக்கத்தில், மடியில் அந்தப் பாவாடையோடு உட்கார்ந்தாள். தோட்டத்து எல்லை தாண்டி, வண்டி பெரிய ரோட்டில் ஏறும் வரை அவள் பேசவில்லை.

“மிஸ்ஸி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“நெசமான மருந்து குடுத்திருந்தா எம்புள்ள பொழச்சிருக்குமா?”

நவமணி கண்ணாடியில் ஹில்டாவைப் பார்த்தான். எப்படியாவது ஒரு பொய் சொல்லிவிடுங்கள் மிஸ்ஸி என்று அவன் மனசு கெஞ்சியது. ஐந்து வருஷத்தில் அவள் ஒரு கேள்விக்கு இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு அவன் பார்த்ததில்லை.

“பொழச்சிருக்கும்,” என்றாள் ஹில்டா.

கருப்பம்மாள் தலையை ஆட்டினாள். “சரி மிஸ்ஸி,” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த சின்னையா திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினான். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.